வராதவள் தேய்த்த முகங்கள்

மார்ச் 4, செவ்வாய்

சலூன் வாசலில் வருகைப்பதிவுக்கு மெஷின் மாட்டிவிட்டார்கள். சோப்பு டப்பா அளவுதான். விரலை வைத்தால் பச்சை விளக்கு எரிந்து, உள்ளிருந்து ஒரு பெண்குரல் 'நன்றி' என்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த வாசலில் யாரும் எனக்கு நன்றி சொன்னதில்லை. மெஷினாவது சொல்லட்டும் என்று வைத்தேன்.

சிவப்பு. 'மீண்டும் முயலவும்.'

முயன்றேன். ஊதினேன், ஏப்ரனில் துடைத்தேன், கட்டைவிரல், ஆள்காட்டி விரல், இடது கை என்று எல்லாவற்றையும் கொடுத்துப் பார்த்தேன். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. காப்பிக் கோப்பையோடு நின்றிருந்த முதலாளி மேடம், "கைய நல்லா கழுவிட்டு வைக்கணும்" என்றார்.

ஒவ்வொரு முகத்துக்கும் முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை கை கழுவுகிறவள் நான். இந்தத் தெருவிலேயே என் கையைவிடச் சுத்தமான கை கிடையாது.

நேற்று மெஷின் மாட்ட வந்தவர், பின்னறையில் வேலை செய்கிற எங்கள் விரல்களைப் பதிவு செய்யவே திணறினார். என் விரலை நாலைந்து தடவை அழுத்தி, கடைசியில் ஏதோ அரைகுறையாக விழுந்ததை வைத்துக்கொண்டார். "கொத்து வேலை செய்றவங்க, செங்கல் தூக்குறவங்க, அவங்களுக்குத்தான் இப்படி ரேகை தேஞ்சிருக்கும். பியூட்டி பார்லர்ல இப்பதாம்மா பாக்குறேன்" என்றார்.

ரிசப்ஷன் பெண் நல்லவள். "நீங்க உள்ள போங்கக்கா, நான் மேடத்துகிட்ட சொல்லிக்கிறேன்" என்றாள்.


மார்ச் 5, புதன்

இன்றும் சிவப்பு. குரலில் மட்டும் அதே மரியாதை.


மார்ச் 8, சனி

சனிக்கிழமை என்றால் மூச்சுவிட நேரமில்லை. பின்னறையில் இரண்டு கட்டில், ஒரு ஆவி மெஷின், ஒரு வாஷ்பேசின். ஜன்னல் கிடையாது. நான், சுருட்டை அக்கா, புதுசு என்று மூன்று பேர். சுருட்டை அக்காவுக்குத் தலைமுடியால் வந்த பெயர். எங்கள் எல்லோருக்கும் முன்னால் வந்தவர். புதுசு வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது, ஆனால் அவளுக்குப் பிறகு யாரையும் எடுக்காததால் இன்னும் புதுசுதான்.

வேலை இது. முகத்தைத் துடைத்துவிட்டு, வால்நட் ஓட்டைப் பொடித்துக் கலந்த ஸ்கிரப்பைப் போட்டு, விரல் நுனியால் வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். அதற்குப் பிறகு பீல். பழத்திலிருந்து எடுத்தது என்று சொல்லி விற்கிற அமிலம். அதைப் பூசி, விரலால் பரத்தி, வாடிக்கையாளர் 'எரியுது' என்று சொல்வதற்குக் கொஞ்சம் முன்னால் துடைத்துவிட வேண்டும். அந்தக் 'கொஞ்சம் முன்னால்'தான் எங்கள் திறமை.

கையுறை கிடையாது. மாடிப்படிக்குக் கீழே போர்டில் பெரிதாக எழுதியிருக்கிறது: 'எங்கள் விரல்கள் உங்கள் தோலோடு பேசும்.'

"மேல இருக்கிறது செத்த தோல் மேடம். அத எடுத்துட்டா அடியில இருக்கிறது பளிச்சுன்னு வரும்." இதை ஒரு நாளைக்கு எட்டு தடவையாவது சொல்கிறேன். பொய்யில்லை. ஆனால் கேட்டவுடன் பெரும்பாலானவர்கள் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எவ்வளவு கலர் வரும்?"

கலர் வராது. அடியில் இருப்பதும் அதே கலர்தான். அதைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை; 'பிரகாசம்' என்று சொல்ல வேண்டும். உன் மேல்தோல் சரியில்லை என்று ஊரே சேர்ந்து ஒருத்தியை இங்கே அனுப்பி வைக்கிறது. நாங்கள் அதை எடுத்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறோம். அடுத்த மாதம் ஊர் மறுபடியும் அனுப்புகிறது. பிழைப்பு நடக்கிறது.

இதில் என்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.


மார்ச் 9, ஞாயிறு

விடுமுறை. ஆனால் வீட்டிலும் அதே தொழில்தான் நடக்கிறது. நடத்துவது அண்ணி.

ஃப்ரிஜ்ஜில் மேல்தட்டு அண்ணியின் முகத்துக்கு, கீழ்த்தட்டு எங்கள் வயிற்றுக்கு. போனில் எவளோ ஒருத்தி எதையாவது குழைத்துப் பூசினால், மறுநாள் அது எங்கள் வீட்டுக் கிண்ணத்தில் இருக்கும். காப்பித்தூள், சர்க்கரை, பப்பாளி, முட்டை ஓடு. அண்ணன் வேலை முடிந்து வந்து கிண்ணத்தை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, "இது திங்கிறதா, பூசுறதா?" என்று கேட்டுத்தான் தொடுவான். ஒருமுறை கேட்காமல் தின்றுவிட்டான். அதிலிருந்து கேட்கிறான்.

இன்று எலுமிச்சம்பழத்தில் சர்க்கரையைத் தோய்த்துக் கன்னத்தில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, அந்தச் சர்க்கரை ஒவ்வொண்ணும் கண்ணாடித் துண்டு மாதிரி கீறும். அதுல எலுமிச்சையை வேற ஊத்துறீங்க. இப்படியே வெயில்ல போனா கறுத்துடும். வேணும்னா ஓட்ஸை ஊறவச்சு தயிர்ல குழைச்சுப் பூசுங்க. தேய்க்கவே வேணாம், அதுவே மெதுவா எடுத்துடும்."

"ஓஹோ. நீ தேய்ச்சா அது டிரீட்மென்ட்டு, நான் தேய்ச்சா புண்ணா?"

எங்கள் வால்நட் ஓடு என்ன, பஞ்சா?


மார்ச் 15, சனி

மதியம் கட்டில் காலியாக இருந்தபோது முகப்பரு பார்க்கிற பூதக்கண்ணாடி விளக்கை இழுத்து என் கட்டைவிரலை அடியில் வைத்துப் பார்த்தேன்.

ஒன்றுமில்லை. ஓரத்தில் மட்டும் இரண்டு மூன்று கோடுகள், ரப்பரால் அழித்த இடத்தில் பென்சில் தெரிவது போல. நடுவில் வழவழவென்று ஸ்பூனின் முதுகு மாதிரி இருக்கிறது. எப்போதிலிருந்து இப்படி? எத்தனை கன்னம், எத்தனை நெற்றியை இதை வைத்துப் பார்த்திருக்கிறேன். சொந்த விரலை ஒரு தடவைகூடப் பார்க்கத் தோன்றவில்லையே.

சுருட்டை அக்கா தன் கையை நீட்டினார். பத்து விரலில் ஒன்றில்கூட எதுவும் இல்லை. "எனக்கு ஜோசியக்காரன்கூட கைய பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது போல" என்று சிரித்தார். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டார்.

புதுசுக்குப் பாதி இருக்கிறது. மெஷினில் மூன்று நாளுக்கு ஒரு நாள் பச்சை வருகிறது.

யார் எவ்வளவு வேலை செய்தார்கள் என்று அந்த சோப்பு டப்பாவுக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது. அதிகம் வேலை செய்தவள் வரவேயில்லை. கொஞ்சம் செய்தவள் எப்போதாவது வந்தாள். வாசலில் உட்கார்ந்து போன் எடுப்பவள் தினமும் வந்தாள், நன்றி.


ஏப்ரல் 1, செவ்வாய்

சம்பளம் வந்தது. அதைச் சம்பளம் என்று சொல்லக் கூடாது. மெஷின் தப்பித்தவறி என்னைப் பார்த்த இரண்டு மூன்று நாட்களுக்கு மட்டும் கணக்குப் போட்டு, ஏதோ வழிச்செலவு கொடுப்பது போலக் கொடுத்திருக்கிறார்கள். சுருட்டை அக்காவுக்கு அதுகூட இல்லை.

மேடத்திடம் போனேன்.

"நான் தினமும் வந்தேன் மேடம். உங்க கண்ணு முன்னாலதான வேலை செஞ்சேன்."

"நான் இல்லன்னு சொல்லலையே. ஆனா ரிப்போர்ட்ல வரல. மெஷின் பொய் சொல்லுமா?"

"வராதவளா அந்த முகத்தையெல்லாம் தேய்ச்சா?"

"குரலை உயர்த்தாத. கஸ்டமர் இருக்காங்க. அடுத்த மாசம் பாத்து சரி பண்ணிக்கலாம். முதல்ல விரலை சரி பண்ணு."

விரலைச் சரி பண்ண வேண்டுமாம். அதைக் கெடுத்தது யார் என்று கேட்டிருக்க வேண்டும். வாசல்படி இறங்கிய பிறகுதான் தோன்றியது. எனக்கு எப்போதும் நல்ல பதில்கள் படியிறங்கும்போதுதான் வருகின்றன.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். "வாயை மூடிட்டு இருந்து வாங்கிக்கோ, வேற எங்க போவே" என்றார். வாயை மூடிக்கொண்டு இருந்து அம்மா வேலை பார்த்த இடத்திலெல்லாம் என்ன கிடைத்தது என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அவர் முட்டி வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.


ஏப்ரல் 3, வியாழன்

மேடம் வைத்தியம் சொல்லிவிட்டார். பின்னறைக்கே வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, அக்கறையாகத்தான் சொன்னார்.

"உங்க விரல் மேல செத்த தோல் படிஞ்சிருக்கு. ரேகையெல்லாம் அதுக்கு அடியிலதான் இருக்கும். வீட்டுல சர்க்கரை, எலுமிச்சை போட்டு நல்லா தேய்ங்க. முடிஞ்சா நம்ம பீலையே ஒரு தடவை போட்டுக்குங்க. லைன் எல்லாம் பளிச்சுன்னு மேல வந்துடும்."

நாங்கள் மூன்று பேரும் தலையாட்டினோம். அதுதான் எனக்கு இப்போது நினைத்தாலும் ஆத்திரம். எத்தனை பேருக்கு இதையே சொல்லியிருக்கிறோம்! மேலே இருப்பது செத்தது, எடுத்துவிட்டால் அடியில் நல்லது. சொல்லிச் சொல்லி நாங்களே நம்பிவிட்டோம்.


ஏப்ரல் 6, ஞாயிறு

மூன்று நாளாகத் தேய்த்தேன். அண்ணியின் சர்க்கரை, அண்ணியின் எலுமிச்சை, அதற்கு மேல் குதிகால் தேய்க்கிற கல். நேற்று பீலையும் போட்டுக்கொண்டேன், வாடிக்கையாளர்களுக்கு வைப்பதைவிட அதிக நேரம். விரல் நுனியெல்லாம் சிவந்து, தண்ணீர் பட்டாலே சுரீர் என்கிறது.

அண்ணி சமையலறை வாசலில் நின்று பார்த்தார்.

"என்ன பண்ற?"

"ரேகையை வெளிய எடுக்கிறேன்."

அவர் அலமாரியிலிருந்து ஒரு பழைய தட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். முன்பு அதில் நீலப் பூப்போட்டிருக்கும். தேய்த்துத் தேய்த்து இப்போது ஓரத்தில் ஒரு இலை மட்டும்தான் மிச்சம்.

"இதையும் தேய்ச்சுப் பாரு. பூ வெளிய வருதான்னு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர். எலுமிச்சைக் கையோடு கண்ணைத் துடைத்துவிட்டேன், அது வேறு. அண்ணி என் தலையைப் பிடித்துக் குழாயடியில் கவிழ்த்து, "இவளுக்குத் தெரியாதாம், இவ ஊருக்கே டிரீட்மென்ட்டு பண்றாளாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே கண்ணைக் கழுவிவிட்டார்.

ரேகை செத்த தோலுக்கு அடியில் இல்லை. ரேகைதான் தோல். நான் தேய்த்து எடுத்தது அதைத்தான்.


ஏப்ரல் 7, திங்கள்

சுருட்டை அக்காவின் ஆள்காட்டி விரலில் வெடிப்பு. புதுசும் தேய்த்திருக்கிறாள். அவளிடம் பாதியாவது இருந்தது.

மூன்று பேருக்கும் சிவப்பு.


ஏப்ரல் 10, வியாழன்

கையுறை கேட்டோம். மூன்று பேரும் சேர்ந்து போய்க் கேட்டோம், ஆனால் பேசியது நான்தான். தேய்க்காமல் விட்டால், அமிலம் படாமல் பார்த்துக்கொண்டால், தோல் தானாக வளரும். ரேகையும் அதோடு வரும். வேறு மருந்தே வேண்டாம். விட்டாலே போதும். ஆனால் விட எங்கே முடிகிறது? மெல்லிய கையுறையாவது கொடுங்கள் என்றேன்.

மேடம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "கையுறை போட்டா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். இங்க காசு குடுத்துட்டு வர்றது உங்க விரலுக்காகத்தான்."

"அந்த விரலைத்தான் காணலை மேடம்."

புதுசு பயந்துபோய் என் விரல் நுனியைக் கிள்ளினாள். வலிக்கவில்லை. எரிச்சல் அடங்கியதிலிருந்து விரல் நுனியில் எனக்கு எதுவுமே சரியாகத் தெரிவதில்லை. வெந்நீரைக்கூட முழங்கையால்தான் தொட்டுப் பார்க்கிறேன்.


ஏப்ரல் 16, புதன்

கையுறையை மருந்துக்கடையில் நானே வாங்கிவிட்டேன். நாளை போடப் போகிறேன். மேடம் என்ன செய்வார், கழற்றிவிடுவாரா?


ஏப்ரல் 17, வியாழன்

போட்டேன்.

முதல் வாடிக்கையாளர் படுத்ததும் தூங்கிவிட்டார். இரண்டாவது நகைக்கடைக்காரம்மா. மேடத்துக்கு மிக முக்கியமானவர். அவர் வரும் நாளில் வாசலில் பூ மாற்றுவார்கள். கட்டிலில் படுத்துக் கண்ணை மூடியவர், ஸ்கிரப்போடு என் கை பட்டதும் திறந்தார்.

"என்னது இது? உனக்கு ஏதாவது தோல் வியாதியா?"

"இல்லீங்கம்மா."

"அப்புறம் எதுக்கு கையுறை?"

பொய் சொல்லியிருக்கலாம். சுத்தத்துக்காக என்று சொன்னால் சந்தோஷப்பட்டிருப்பார். நான் ஒரு கையுறையைக் கழற்றி, விளக்கை இழுத்து, விரலைக் காட்டினேன்.

"உங்க முகத்துல போடப் போறதுதாம்மா இதைச் செஞ்சது. நீங்க மாசத்துக்கு ஒரு தடவை போட்டுக்கிறீங்க. நான் நாள் முழுக்கத் தொடுறேன்."

அவர் எழுந்து உட்கார்ந்து, என் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நகையைப் பார்ப்பது போல. பிறகு தன் கன்னத்தைத் தொட்டுக்கொண்டார். "எனக்கு இன்னிக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு, முகத்தைக்கூடத் துடைக்காமல் போய்விட்டார்.

என் விரலுக்காக வருத்தப்பட்டாரா, தன் கன்னத்துக்காகப் பயந்தாரா? கன்னத்துக்காகத்தான். இருக்கட்டும். அந்தப் பயமும் நியாயம்தான்.

மேடம் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. போனை எடுத்து மெஷின் ரிப்போர்ட்டைத் திறந்து என் முன்னால் நீட்டினார்.

"இதப் பாரு. இந்த மாசம் ஒரு நாள்கூட நீ வேலைக்கு வரல. சொல்லாம கொள்ளாம இத்தனை நாள் வராத ஆளை நான் வேலையவிட்டு எடுக்கணும்னுகூட இல்ல. நீயா நின்னுட்ட."

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். என் ஏப்ரனில் அன்று காலையில் தேய்த்த முகத்தின் ஈரம்கூடக் காயவில்லை.


ஏப்ரல் 18, வெள்ளி

முழு நாளும் படுத்தே கிடந்தேன். அண்ணன் மட்டும் அறைவாசலில் நின்று, "வேற இடம் கெடைக்கும் விடு" என்றான். வேறு இடத்திலும் மெஷின் இருக்கும் அண்ணா. அங்கேயும் முதல் நாளே சிவப்பு எரியும். நான் செய்த வேலையே நான் வேலை செய்யவில்லை என்று சாட்சி சொல்லும்.

எனக்கு வேலை போனது பெரிதில்லை. போகட்டும். ஆனால் 'நீ வரவே இல்லை' என்றாரே. அதை மட்டும் விட முடியாது. அவ்வளவு முகம்—

சாயங்காலம் சுருட்டை அக்கா போன் பண்ணினார். "நாளைக்கு சனிக்கிழமை. ரெண்டு கட்டிலும் ஃபுல்லு. நானும் புதுசும் எப்படி சமாளிப்போம்னு தெரியல" என்றார்.

"எதுக்குக்கா சமாளிக்கணும்? நீங்களும்தான் வரலையே."

அந்தப் பக்கம் மெதுவாகச் சிரிப்பு. "ஆமால்ல" என்றார்.


ஏப்ரல் 19, சனி

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

கடை திறக்கும் நேரத்துக்குப் போனேன். ஏப்ரன் போட்டிருந்தேன். மெஷினில் விரல் வைத்தேன். 'மீண்டும் முயலவும்.' மாடிப்படியில் உட்கார்ந்தேன். சலூன் முதல் மாடியில், படி குறுகலானது, ஒருவர் உட்கார்ந்தால் மற்றவர் சுவரை உரசிக்கொண்டுதான் போக வேண்டும்.

சுருட்டை அக்கா வந்தார். நிதானமாகப் பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்தார். பத்துக்கும் சிவப்பு. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அடுத்து புதுசு. அவள் விரலை வைத்தாள்.

பச்சை. 'நன்றி.'

அவள் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். இத்தனை நாள் அந்தப் பச்சைக்காக ஏங்கியவள். திரும்பி எங்களைப் பார்த்தாள். உள்ளே ரிசப்ஷன் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எதுவும் சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான். போனால் போகட்டும், அதில் தப்பில்லை என்றுதான் நினைத்தேன்.

அவள் இறங்கி வந்து எங்களுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். "மெஷினுக்குத் தப்பா தெரிஞ்சிடுச்சுக்கா. நானும் வரல" என்றாள்.

மேடம் வந்தார். "என்ன உக்காந்திருக்கீங்க? உள்ள போங்க, ஆளுங்க வந்துடுவாங்க."

"நாங்க வரல மேடம்" என்றேன்.

"வந்துதான உக்காந்திருக்க?"

"ரிப்போர்ட்டப் பாருங்க."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. புரிந்ததும் காது சிவந்தது. எங்களைத் தாண்டி மேலே போனார்.

வாடிக்கையாளர்கள் வரத் தொடங்கினார்கள். ஒவ்வொருவரும் சுவரை உரசிக்கொண்டு எங்களைத் தாண்டி ஏறினார்கள். சிலர் காத்திருந்து காத்திருந்து இறங்கிப் போனார்கள். ஒருவர் நின்று கேட்டார்: "நீங்க இங்கதான வேலை செய்றீங்க? உள்ள ஆளில்லைங்கிறாங்க?" சுருட்டை அக்கா விரலை நீட்டிக் காட்டி, காரணத்தைச் சொன்னார். பதினைந்து வருஷம் யார் முகத்தைப் பார்த்தும் 'எரியுதா மேடம்' என்பதற்கு மேல் பேசாதவர் இன்று ஒரு கூட்டத்துக்கே பேசினார். கேட்டவர்களில் ஒரு பெண் மேலே போகாமல் திரும்பிவிட்டாள். இன்னொருத்தி, "உங்க பிரச்சினைக்கு நாங்க என்ன பண்ண முடியும்" என்று ஏறிப் போனாள். அவளுக்கு மேடமே பீல் செய்ய உட்கார்ந்தாராம். மேடத்துக்கு நீள நகம். அதோடு பெருமையாக வெறுங்கை.

மதியம் தாண்டி மேடம் வெளியே வந்தார். வலது கை விரல்களை ஈரத் துண்டில் சுற்றியிருந்தார். அவ்வப்போது துண்டைப் பிரித்து ஊதினார். உள்ளேயிருந்து அந்தப் பெண், கன்னத்தில் நகம் கீறியது என்று சத்தம் போடுவது கேட்டது.

"உங்களுக்கு என்னதான் வேணும்?" என்றார் மேடம்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசிவிட்டோம். ஒருத்தி கையுறை என்றாள், ஒருத்தி சம்பளம் என்றாள். நான், "நாங்க வந்தோம்னு நீங்க சொல்லணும்" என்றேன்.

"வந்தீங்க. சரியா? வந்தீங்க. எழுந்திருங்க."

உடனே எழுந்திருக்கவில்லை. கொஞ்சம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் எழுந்தோம்.


ஏப்ரல் 22, செவ்வாய்

கையுறை வந்துவிட்டது. பின்னறையில் இருக்கிற எங்களுக்கு இனி மெஷின் கிடையாது. ரிசப்ஷன் பெண் பார்த்துச் சொன்னால் போதும். மனிதர் வந்ததை மனிதர் பார்த்துச் சொல்வதற்கு இவ்வளவு பாடு.

போன மாதச் சம்பளத்தில் பாதி கொடுத்தார்கள். மீதிக்கு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். நிறுத்த மாட்டோம்.


மே 15, வியாழன்

கீழே போர்டை மாற்றிவிட்டார்கள். 'எங்கள் விரல்கள்' போய்விட்டது. இப்போது: 'கையுறை அணிந்த பாதுகாப்பான உயர்தர சிகிச்சை.' கட்டணத்தையும் ஏற்றியாயிற்று. நாங்கள் படியில் உட்கார்ந்து வாங்கியதை மேடம் எடுத்து விலைபோட்டு விற்கிறார். சுருட்டை அக்கா போர்டைப் பார்த்து, "கெட்டிக்காரி" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கல்லெடுத்து எறியவும் தோன்றியது.

இன்று ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். "எவ்வளவு கலர் வரும்?" என்றாள். "வராது" என்றேன். "அடியில இருக்கிறதும் இதேதான். நல்லாத்தான் இருக்கு." மேடம் கதவுக்கு வெளியே நின்றிருந்தார், கேட்டிருக்கும். ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெண் என்னை முறைத்துவிட்டு, பீல் செய்துகொண்டுதான் போனாள்.


ஜூன் 8, ஞாயிறு

அண்ணி ஒருவழியாக ஓட்ஸுக்கும் தயிருக்கும் வந்துவிட்டார். என் பேச்சைக் கேட்டு இல்லை. போனில் ஒருத்தி சொன்னாளாம். கிண்ணத்தை என் கையில் திணித்து, "நீயே பூசிவிடு. ஓசில டிரீட்மென்ட்டு" என்று ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

வெறுங்கையால் பூசினேன். ரொம்ப நாளாயிற்று. தயிரின் குளிர்ச்சி விரல் நுனியில் தெரிந்தது. அண்ணியின் தாடையில் சின்னதாக ஒரு சொரசொரப்பு, அதுவும் தெரிந்தது. தேய்க்கவில்லை. பூசிவிட்டு, இடது கன்னத்தில் கடைசியாகக் கட்டைவிரலை ஒருமுறை அழுத்தி எடுத்தேன்.

காய்ந்த பிறகு அண்ணி எழுந்து கழுவப் போனார். "இருங்க" என்று பிடித்து நிறுத்தினேன். கன்னத்தில், வெளுத்துக் காய்ந்திருந்த ஓட்ஸில், என் கட்டைவிரல் பட்ட இடத்தில் கோடுகள். மெலிசாக, வளைந்து வளைந்து. நடுவில்கூட.

சுருட்டை அக்காவுக்கு இன்னும் வரவில்லை. வருமா என்று தெரியவில்லை. நாளைக்கும் மூன்று பேரும் ஒன்றாகத்தான் படியேறுவோம், மெஷினைத் தொடாமல்.

அண்ணி கண்ணாடியில் பார்த்தார். "என்னடி இது, கன்னத்துல?"

"நான் வந்திருக்கேன்னு அர்த்தம் அண்ணி."

"அதைப் பதிய என் மூஞ்சிதான் கெடச்சுதா?" என்றார். ஆனால் உடனே கழுவவில்லை. அண்ணன் வரட்டும், அவனிடம் காட்ட வேண்டும் என்று அப்படியே உட்கார்ந்துகொண்டார்.